ஆடு வெல்லுமா, புலி வெல்லுமா?

உளுந்தும் பயறும் எடுத்தாகிவிட்டது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ஆம் நாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தஞ்சைத் தரணியின் சிற்றூர்களில் வேலை ஓய்ந்திருக்கும் அந்தச் சித்திரை நாட்களில், இராமநாதபுரத்துப் பக்கமிருந்து வரும் கீதாரிகள் வெறும் வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். வயலில் உண்மையான ஆடு எரு இடும். களத்துமேட்டு மரநிழலிலோ புளியங்கொட்டை ஆடுகள் புலிக்கு இரையாகிக்கொண்டிருக்கும். நீடாமங்கலத்தை அடுத்த ஓர் ஊரில், பெரியப்பா கரித்துண்டால் தரையில் கோடு கிழிக்க, நான் ஆடுபுலி ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது அப்படித்தான். "கொடுத்த ஆட்டை எண்ணிக்கிட்டு இருக்காதேடா தம்பி, புலி போற வழியைப் பாரு" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இவ்வாட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறை தோன்றுவதுண்டு. எழுதுகிறவர்கள் எல்லாரும் இதைப் புகழ்கிறார்கள். நம் முன்னோர் அறிவு என்கிறார்கள். மூளைக்குப் பயிற்சி என்கிறார்கள். சிலர் பல்லாயிரம் ஆண்டுப் பழைமையும் சேர்த்துவிடுகிறார்கள். கோயில் மண்டபத் தரைக்கல்லில் கீறிய கோடுகளைச் சான்றாகக் காட்டுவதும் உண்டு. மண்டபம் கட்டிய ஆண்டு தெரியலாம். ஆனால் அதன் தரையில் யாரோ உளி கொண்டு கோடு கீறிய ஆண்டு கல்லைப் பார்த்துத் தெரிவதில்லை. பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1010இல் என்றால், அதன் தரையில் காணும் எந்தக் கோடும் 1010இலும் கீறியிருக்கலாம், 1910இலும் கீறியிருக்கலாம். அது போகட்டும். இது நல்ல ஆட்டமா? நல்லதென்றால் எதனால்? குறை என்ன? இவற்றைக் கேட்பவர் அரிது. புகழ்ச்சி நிறைய உண்டு, விமர்சனம் இல்லை.

சதுரங்கத்தின் நிலை வேறு. எங்கள் ஊருக்கு அருகிலேயே திருப்பூவனூர் இருக்கிறது. அங்குள்ள இறைவனின் பெயரே சதுரங்க வல்லபநாதர். அரசன் மகளைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது இக்கோயிலின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது. இன்னும் சற்று வடக்கே போனால் மயிலாடுதுறை. விசுவநாதன் ஆனந்த் 1969இல் பிறந்த ஊர். அவர் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவர் ஆடிய ஆட்டம் ஒவ்வொன்றும் காய் காயாக அச்சில் இருக்கிறது. எந்த நகர்த்தல் பிழை, எது அருமை என்று உலகமே விவாதிக்கிறது. அதற்குக் காரணம், சதுரங்கக் கட்டங்களுக்குப் பெயர் உண்டு. ஆட்டத்தை எழுதிவைக்க முடியும். ஆடுபுலி ஆட்டத்தை எவரும் எழுதிவைத்ததில்லை. மாலையில் கோலத்தைப் போலக் கோடுகள் காலடியில் அழிந்துபோகும். அதனோடு அன்றைய ஆட்டமும் போய்விடும்.

ஆகவே முதலில் எண் கொடுப்போம். வாசகர்கள் ஒரு தாளில் வரைந்துகொண்டு மேலே படிப்பது நல்லது. உச்சி ஒரு புள்ளி. அதற்கு எண் 1. உச்சியிலிருந்து நான்கு கோடுகள் மலைச்சரிவு போல விரிந்து கீழே இறங்குகின்றன. அவற்றைக் குறுக்கே மூன்று நீண்ட கோடுகள் வெட்டுகின்றன. ஒவ்வொன்றிலும், இரு ஓரங்களையும் சேர்த்து, ஆறு புள்ளிகள். மேல் வரிசை இடமிருந்து வலமாக 2 முதல் 7 வரை, நடு வரிசை 8 முதல் 13 வரை, கீழ் வரிசை 14 முதல் 19 வரை. இடது ஓரத்துப் புள்ளிகள் மூன்றையும் ஒரு செங்குத்துக் கோடு இணைக்கிறது. வலது ஓரத்திலும் அப்படியே. அடியில் நான்கு சரிவுக் கோடுகளும் முடியும் இடத்தில் ஒரு கோடு. அதில் 20 முதல் 23 வரை நான்கு புள்ளிகள். ஆக மொத்தம் 23.

எங்கள் பக்கத்து வழக்கப்படி புலிகள் மூன்றும் 1, 4, 5 ஆகிய இடங்களில் நிற்கும். ஆடுகள் 15. ஆட்டுக்காரர் முறைக்கு ஒன்றாகக் காலி இடத்தில் வைத்துவரவேண்டும். எல்லா ஆடும் இறங்கும்வரை வைத்த ஆட்டை நகர்த்தக்கூடாது. புலியோ முதலிலிருந்தே நகரலாம். அடுத்த புள்ளியில் ஆடு இருந்து, அதே நேர்க்கோட்டில் அதற்கு அப்பால் காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். புலிகள் மூன்றும் அசைய வழியில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி.

இப்போது கோடுகளைக் கூர்ந்து பாருங்கள். 2ஆம் புள்ளியில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட முடியாது. ஏனெனில் அது கோடுகள் முடியும் மூலை, தாண்டிக் குதிக்க அப்பால் இடமில்லை. இதுபோன்ற அழியாத இடங்கள் 1, 2, 7, 14, 19, 20, 23 என ஏழு உள்ளன. உச்சியில் தொடக்கத்திலேயே புலி உட்கார்ந்திருப்பதால் ஆட்டுக்கு மிச்சம் ஆறு. அந்த ஆறையும் பிடித்துவிட்டால் இன்னொரு வேடிக்கை நிகழ்கிறது. 8இல் உள்ள ஆட்டை 2க்கும் 14க்கும் இடையே குதித்துத்தான் வெட்டமுடியும். இரண்டிலும் ஆடு நிற்பதால் 8ம் அழியாத இடமாகிறது. அதே கணக்கில் 13, 21, 22. அவற்றையும் நிரப்பினால் 15, 18, பிறகு 16, 17, அதன்பின் 9. எண்ணிப் பாருங்கள், பதினைந்து! புலி குறுக்கே வந்து இடம் பிடிக்காத வரை, பதினைந்து ஆட்டையும் ஒன்றைக்கூட இழக்காமல் இறக்கிவிடலாம். கீழிருந்து மேலாக வரப்புப் போட்டுக்கொண்டு வருவது போன்ற வேலை இது. உச்சியில் சுகமாக உட்கார்ந்திருக்கும் புலி ஒரு கவளமும் தின்னாது.

எனவே புலி இறங்கியாகவேண்டும். மூலைகளை ஆடு பிடிக்கும்முன் தான் போய் உட்காரவேண்டும். ஆனால் மூலைக்குப் போன புலியின் கதி என்ன? 20இல் நிற்கும் புலியைப் பூட்ட 15, 9, 21, 22 ஆகிய நான்கு இடங்களில் ஆடு இருந்தால் போதும். நடுவில் 10இல் நிற்கும் புலியைப் பூட்டவோ அண்டை இடம் நான்கு, அதற்கு அப்பால் நான்கு, ஆக எட்டு ஆடுகள் வேண்டும். உச்சியில் நிற்கும் புலிக்கும் எட்டு வேண்டும். நடுவே நின்றால் புலிக்குப் பாதுகாப்பு, ஆனால் இரை இல்லை. கீழே போனால் இரை உண்டு, ஆனால் கண்ணி மலிவு. ஆட்டத்தின் உயிர் இந்த இழுபறியில்தான் இருக்கிறது. மூன்றும் பதினைந்தும் சமமா என்று கேட்பவர்கள் காய்களை எண்ணுகிறார்கள், கோடுகளை எண்ணுவதில்லை. சமனிலை கோட்டில் வைக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு நுட்பம். ஓர் ஆட்டை வெட்டிய புலியை அடுத்த முறையிலேயே கட்டிப்போட முடியாது. வெட்டுண்ட ஆடு நின்ற இடம் காலி. அதற்கு அப்பால், புலி புறப்பட்ட இடமும் காலி. இரண்டையும் அடைக்க ஆட்டுக்காரருக்கு இரண்டு முறை வேண்டும். அதற்குள் புலி தப்பும். ஆகையால் ஆட்டைப் பலி கொடுப்பது உடனே பிடிப்பதற்கு உதவாது. ஆனால் ஒரு புலியைத் தூரத்து மூலைக்கு இழுத்துவிட்டால் அது நடுவுக்குத் திரும்பச் சில முறைகள் ஆகும்; அந்த முறைகளை மற்ற இரண்டு புலிகள்மேல் செலவிடலாம். பெரியப்பா சொன்னதன் பொருள் இதுவென்று எனக்கு விளங்க முப்பது ஆண்டு ஆயிற்று.

இவ்வளவும் பாராட்டு. குறைக்கு வருவோம். எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி? ஓர் ஊரில் ஐந்து என்பார்கள், இன்னோர் ஊரில் ஆறு, வேறு சிலர் எல்லா ஆடும் போகவேண்டும் என்பார்கள். இதைச் சிறு வேறுபாடாகக் கொள்ள முடியாது. ஆட்டத்தின் எடையே இதில் மாறுகிறது. மூன்று புலிகளையும் தனித்தனி மூலைகளில், எடுத்துக்காட்டாக 2, 19, 20 ஆகியவற்றில், அடைக்கப் பன்னிரண்டு ஆடுகள் வேண்டும். பதினைந்தில் பன்னிரண்டு போக மூன்றுதான் இழக்கத் தக்கவை. புலிகள் நெருங்கி நின்றால் செலவு குறையும்; மூன்றும் 2, 8, 14 என்று ஒரே ஓரத்தில் அகப்பட்டால் ஆறு ஆடுகளே போதும். ஆனால் அப்படி அகப்படும் புலிக்காரரை நான் கண்டதில்லை. ஐந்து, ஆறு என்ற கணக்கில் ஆட்டம் முடிந்தால் நியாயம் உண்டு. எல்லா ஆடும் சாகவேண்டும் என்ற விதியோ, முடிவு தெரிந்துபோன ஆட்டத்தை வீணாக இழுக்கிறது. சிறுவர்கள் பாதியில் எழுந்து ஓடுவது இந்த விதியில்தான். மேலும், இருவரும் மாறிமாறி அதே இரண்டு இடங்களுக்குப் போய்வந்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்பதற்கும் எங்கள் ஊரில் விதி கிடையாது. யாருக்கு முதலில் பசிக்கிறதோ அவர் தோற்றதாகக் கொள்வோம்!

உலகில் இவ்வகை ஆட்டங்களை ஆராய்ந்தவர்கள் உண்டு. ஆங்கில அறிஞர் முர்ரே 1952இல் வெளியிட்ட நூலில் பலகை ஆட்டங்களை வகைப்படுத்தியபோது, போர் ஆட்டங்களிலிருந்து வேட்டை ஆட்டங்களைத் தனியே பிரித்தார். இரு பக்கமும் ஒரே படை என்றால் போர். சிலர் பலரை எதிர்த்தால் வேட்டை. ஐரோப்பாவின் நரியும் வாத்தும் ஆட்டம், நேபாளத்தின் பாக்-சால், நம் ஆடுபுலி எல்லாம் இந்த வேட்டைக் குடும்பம். ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் நம் ஆட்டத்துக்கு நெருங்கிய உறவினர் உண்டு.

ஆனால் ஆட்டத்தைச் சீர்தூக்கும் கலை இன்று வளர்ந்திருப்பது வேறிடத்தில். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கன்சோல் கருவிகளில், முறை வைத்து ஆடும் போர்த்தந்திர விளையாட்டுகள் பல வருகின்றன. அவை ஒவ்வொன்றையும் பத்திரிகைகளில் விமர்சகர்கள் துருவிப் பார்க்கிறார்கள். 2012இல் வந்த எக்ஸ்காம் என்ற விளையாட்டில், குண்டு இலக்கில் படும் வாய்ப்பு நூற்றுக்கு இத்தனை என்று திரையில் காட்டும். தொண்ணூற்றைந்து என்று காட்டியும் குறி தப்பினால் ஆடுபவருக்கு வரும் ஆத்திரம் பெயர்பெற்றது. நூறில் ஐந்து முறை தப்பத்தானே வேண்டும் என்பது கணக்கு. தன் தோல்விக்குத் தான் காரணமில்லை என்பது ஆடுபவரின் மனக்குறை. 2018இல் வந்த இன்டு தி பிரீச் இதற்கு நேர்மாறு. சதுரங்கப் பலகை போல எட்டுக்கு எட்டு கட்டம். நம்மிடம் மூன்றே இயந்திரங்கள். எதிரி அடுத்து எங்கே தாக்கப்போகிறான் என்பது முன்கூட்டியே காட்டப்பட்டுவிடும். விமர்சகர்கள் இதை வெகுவாகப் பாராட்டினார்கள். பலகை சிறியது, மறைவு குறைவு, தோற்றால் பிழை நம்முடையது என்று அவர்கள் எடுத்துக்காட்டிய சிறப்புகளைப் படித்தபோது எனக்குக் களத்துமேடு நினைவுக்கு வந்தது. மூன்று காயை வைத்துப் பலரை எதிர்ப்பது நமக்குப் புதிதா என்ன?

அந்த அளவுகோல் கையில் இருக்க, இன்று கைப்பேசியில் ஆடுபுலி ஆட்டம் என்று கிடைப்பனவற்றைப் பார்ப்போம். நம் மாணவர்களில் பலர் இந்த ஆட்டத்தை முதன்முதலாகச் சந்திப்பது அங்கேதான். ஆகவே அவற்றை எளிதாக விட்டுவிட எனக்கு மனமில்லை. நான் சில வாரம் ஆடிப்பார்த்த மூன்றில் படம் அழகு, புலி உறுமுகிறது, ஆடு வெட்டுண்டால் கத்துகிறது. ஆனால் இரண்டில், எத்தனை ஆடு போனால் முடிவு என்று ஆட்டம் முடிகிறவரை சொல்லவில்லை. மூன்றிலும், போட்ட காயை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். திரும்ப எடுக்கலாம் என்று தெரிந்தபின் யாரும் யோசிப்பதில்லை. போட்டுப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரப் புலி பேராசை பிடித்தது. வெட்ட ஓர் ஆடு இருந்தால் கட்டாயம் வெட்டும். மேலே சொன்னபடி ஒவ்வோர் ஆடாகக் காட்டித் தூரத்து மூலைக்கு இழுத்துவிட்டு மற்றவற்றைச் சுற்றி வளைக்கலாம். மூன்றாம் நாளிலிருந்து நான் தோற்கவே இல்லை. இது எனக்குப் பெருமை அன்று, புலிக்குத்தான் இழுக்கு.

இயந்திரத்துக்கு ஏன் இந்த மந்தம்? கணிப்பொறி யோசிப்பது எப்படி என்று பார்ப்போம். கல்லணையில் காவிரி வந்து காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. ஒவ்வொன்றும் மேலும் ஆறுகளாக, வாய்க்கால்களாக, கன்னிகளாகப் பிரிந்து கடைமடை வயல்வரை போகிறது. ஆட்டத்தில் நான் செய்யக்கூடிய நகர்த்தல்கள் முதல் பிரிவு. அவற்றுக்கு எதிரி தரக்கூடிய பதில்கள் அடுத்த பிரிவு. ஒவ்வொரு முறையும் பத்து வழி இருந்தால் ஆறு முறை தள்ளிப் பார்க்கப் பத்து லட்சம் கடைமடைகளைச் சோதிக்கவேண்டும். பயனற்றது என்று தெரிந்த வாய்க்காலின் மதகை மேலேயே அடைத்துவிட்டால் கீழே உள்ள வயல்களைப் பார்க்கும் வேலை மிச்சம். நல்ல கணிப்பொறித் திட்டங்கள் இதைச் செய்கின்றன. பேராசைப் புலியோ முதல் மதகோடு நின்றுவிடுகிறது.

கருவியின் வலு போதவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. 1979இல் அட்டாரி நிறுவனம் தன் வீட்டுக் கன்சோலுக்காக வீடியோ செஸ் என்ற சதுரங்கத்தை வெளியிட்டது. அந்தக் கருவியின் நினைவகம் 128 பைட். திட்டம் முழுவதும் 4 கிலோபைட்டில் அடங்கியது. கடினமான நிலைகளில் ஒரு காய் நகர்த்த அது மணிக்கணக்கில் யோசிக்கும். என்றாலும் ஒழுங்காகச் சதுரங்கம் ஆடியது. இன்று 4 கிகாபைட் கொண்ட சாதாரணக் கைப்பேசியின் நினைவகம் அதைப்போல் 3 கோடியே 35 லட்சம் மடங்கு. அதில் குடியிருக்கும் புலிக்கு இரண்டு நகர்த்தல் தள்ளிப் பார்க்கத் தெரியவில்லை என்றால், செய்தவர் ஆட்டத்தை மதிக்கவில்லை என்றுதான் கொள்ளவேண்டும். பழம்பெருமை என்று முகப்பில் எழுதிவிட்டு உள்ளே பொம்மைப் புலியை வைத்திருக்கிறார்கள்.

சரி, எல்லாக் கடைமடைகளையும் கணிப்பொறி பார்த்துவிட்டால்? யார் வெல்வார் என்பதே தெரிந்துவிடும் அல்லவா? டிராஃப்ட்ஸ் ஆட்டத்தை, ஐந்துக்குப் பின் இருபது சுழியம் இட்ட அளவு நிலைகள் இருந்தும், கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜானதன் ஷேஃபர் குழுவினர் 2007இல் தீர்த்துவிட்டார்கள். இருவரும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்பது விடை. நேபாளத்துப் பாக்-சாலையும் விட்டுவைக்கவில்லை. 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு கொண்ட அந்த ஆட்டமும் சமனில் முடியும் என்று சிங்கப்பூரைச் சேர்ந்த லிம் யூ ஜின்னும் சுவிட்சர்லாந்தின் நீவர்கெல்ட்டும் கணித்துக் காட்டினார்கள். அந்த விடையை நம் ஆட்டத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே கோடுகள் வேறு.

நம் ஆட்டம் எவ்வளவு பெரிது? மூன்று புலிகளை 23 இடங்களில் வைக்க 1,771 வழிகள். எஞ்சிய 20 இடங்களில் 15 ஆடுகள் வரை வைக்க 10,42,380 வழிகள். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 184 கோடியே 60 லட்சம். இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம் போல ஒன்றே என்பதால் பாதி குறையும். கையில் மீதியுள்ள ஆடு எத்தனை, யார் முறை என்பவற்றைச் சேர்த்தால் சில மடங்கு கூடும். எப்படியும் இன்றைய வீட்டுக் கணிப்பொறி ஒன்றுக்கு எட்டாத கணக்கு அன்று. நிரல் எழுதத் தெரிந்த கல்லூரி மாணவர் இருவர் ஒரு கோடை விடுமுறையில் முயன்று பார்க்கலாம்.

தொடங்குமுன் அவர்கள் முடிவு செய்யவேண்டியது ஒன்று உண்டு: ஐந்து ஆடா, ஆறா? அதைக் கணிப்பொறி சொல்லாது. தம் ஊர்ப் பெரியவர்களிடம் போய்த்தான் கேட்கவேண்டும். ஊருக்கு ஊர் விடை மாறும் என்பதையும் எதிர்பார்த்துத்தான் போகவேண்டும். போகும்போது மேலே சொன்ன எண்களை இட்ட தாளொன்றையும் எடுத்துச் சென்று, அவர்கள் ஆடும் ஆட்டத்தை முதல் ஆடு முதல் எழுதிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. பெரியப்பா ஆடியவற்றில் ஒன்றுகூட என்னிடம் எழுத்தில் இல்லை.